உங்கள் பேரில் கேஸ் இருக்கிறதா? நீங்களே பார்த்துக்கொள்ளும் வழி

எப்போதோ சாலை மறியலுக்குப் போனீர்கள். வேனில் ஏற்றி, ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, பெயர், அப்பா பெயர், விலாசம் எல்லாம் எழுதிக்கொண்டு சாயங்காலம் விட்டுவிட்டார்கள். அதோடு முடிந்தது என்று வீட்டுக்கு வந்திருப்பீர்கள். நாலு வருஷம் கழித்து பாஸ்போர்ட் விசாரணையில் "உங்க மேல ஒரு கேஸ் நிக்குதே" என்பார்கள். அந்த நாள் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

முதலில் குற்ற எண், அதாவது கிரைம் நம்பர், வேண்டும். 145/2021 என்பதுபோல இருக்கும். வெறும் எண் போதாது. அதே 145 பக்கத்து ஸ்டேஷனிலும் இருக்கும். மறியல் நடந்த இடத்து ஸ்டேஷனில்தான் தேட வேண்டும், உங்கள் வீட்டு எல்லை ஸ்டேஷனில் இல்லை. பலர் தடுமாறுவது இங்கேதான்.

அடுத்து, தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், ஆண்டு, எண் கொடுத்து எஃப்.ஐ.ஆரை இறக்குங்கள். 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற வழக்குகளை ஏற்ற மாட்டார்கள். அதற்கு வக்கீல் மூலம் நகல் கேட்கலாம்.

கையில் கிடைத்ததும் 2ஆம் கலத்தைப் பாருங்கள்: சட்டப் பிரிவுகள். 2024 ஜூலை 1க்கு முந்தைய சம்பவம் என்றால் இந்திய தண்டனைச் சட்டம். சட்டவிரோதமாகக் கூடியதற்கு 143 என்றிருக்கும். அதற்குப் பிந்தையது என்றால் பாரதிய நியாய சன்ஹிதா, 189(2). 7ஆம் கலத்தில் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், பெயர். மறியல் வழக்குகளில் "இன்னார் மற்றும் 40 பேர்" என்று எழுதிவிடுவார்கள். அந்த நாற்பதில் நீங்கள் இருக்கலாம். உங்கள் பெயர் பிறகு குற்றப்பத்திரிகையில் வரலாம்.

ஒன்று கவனியுங்கள். எஃப்.ஐ.ஆரில் பெயர் இருப்பதாலேயே கைதானதாக அர்த்தமில்லை. கைதுக்குத் தனியே குறிப்பாணை உண்டு. அதில் நேரம், சாட்சி கையெழுத்து, உங்கள் கையெழுத்து எல்லாம் இருக்கும். ஆஜராகச் சொல்லி வரும் நோட்டீஸ் கைதாகாது.

அப்புறம், கோர்ட் வழக்குகளின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளம். மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்துத் தேடுங்கள். நிலுவை, முடிந்தவை இரண்டிலும் பார்க்க வேண்டும். சி.சி. (காலண்டர் கேஸ்) அல்லது எஸ்.டி.சி. (சம்மரி ட்ரையல் கேஸ்) என்று எண் வந்தால் கோர்ட் வழக்கைக் கோப்பில் எடுத்துவிட்டது. வழக்குக்கே உரிய அடையாளமான சி.என்.ஆர். எண்ணை (எழுத்தும் இலக்கமும் சேர்ந்து 16) குறித்துக்கொண்டால் அடுத்தமுறை அது ஒன்றே போதும்.

எண்ணே வரவில்லையா? குற்றப்பத்திரிகை இன்னும் தாக்கலாகாமல் இருக்கலாம். 143க்கு அதிகபட்சம் ஆறு மாதச் சிறை. அப்படிப்பட்ட பழைய வழக்கில் ஒரு வருஷத்துக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். அது தாண்டியிருந்தால், உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்க நல்ல காரணம். வக்கீலிடம் கேளுங்கள்.

விடுதலை என்று வந்திருந்தாலும் தீர்ப்பின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். 'சந்தேகத்தின் பலனை அளித்து' என்ற வார்த்தை இருந்தால், தமிழ்நாடு போலீஸ் வேலைக்கான விதிகளில் நீங்கள் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவீர்கள். மற்றபடி, கோர்ட்டில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி, ஸ்டேஷனில் ஒன்றைக் கொடுத்து, உங்கள் பிரதியில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.