கற்பனை ராஜ்ஜியத்துக்குச் சாமி படைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபேண்டஸி கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் நாட்டுக்கு வரைபடம் போடுவார்கள். அப்புறம் ராஜ வம்சம். அதற்கடுத்து ஓர் அட்டவணை: நெருப்புக்கு ஒரு தெய்வம், நீருக்கு ஒன்று, போருக்கு, காதலுக்கு, சாவுக்கு ஒவ்வொன்று. மந்திரிசபையில் இலாகா ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கிவிட்டு, மதம் முடிந்தது என்று கதைக்குள் போய்விடுகிறார்கள். இருநூறு பக்கம் தாண்டினாலும் அந்த நாட்டில் ஒருவர்கூட நேர்ந்துகொண்டிருக்க மாட்டார். கோபம் வந்தால் "அக்கினித் தேவன் மீது ஆணை" என்று கத்துவதோடு சரி.

வேறு ஊர்க்காரர்கள் இப்படி எழுதினால் விட்டுவிடலாம். மதுரையிலும் சுற்றுப்பட்டியிலும் பிறந்து வளர்ந்தவர்கள் எழுதுவதுதான் எனக்கு ஆறவில்லை. நம் பக்கத்தில் சாமி என்பதே ஒரு கொடுக்கல் வாங்கல். யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள், அதை எந்த மாதம் எப்படி அடைக்கிறார்கள், யார் முன்னால் நிற்கிறார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்ற கணக்கு. அதை எழுதிவிட்டால் அட்டவணை தேவையே இல்லை.

துறைக்கு ஒரு சாமி

மேலமடைப் பக்கம் பாண்டி கோயிலில் வரிசையில் நிற்பவர்களிடம் கொஞ்சம் காது கொடுங்கள். ஒருவர் மகன் வேலைக்காக வந்திருப்பார், இன்னொருவர் கோர்ட்டு கேஸுக்கு, அடுத்தவர் பிள்ளை வரத்துக்கு. பாண்டி முனீஸ்வரர் எந்தத் துறைக்குத் தெய்வம் என்று கேட்டால் கேள்வியே யாருக்கும் புரியாது. என்ன படைக்க வேண்டும் என்று கேளுங்கள், சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்: முனிக்குச் சைவம், சர்க்கரைப் பொங்கல்; கிடா வெட்டுவதெல்லாம் அங்கேயே இருக்கும் சமயக் கருப்புக்கு.

சாமிக்குச் சாமி வித்தியாசம் தெரிவது சாப்பாட்டில், எல்லையில், யார் வீட்டுச் சாமி என்பதில். உங்கள் கடல் தெய்வத்தின் சக்திகளைப் பட்டியல் போடுவதற்கு முன் அது மீன் சாப்பிடுமா என்று முடிவு செய்யுங்கள். சாப்பிடும் என்றால் யார் சமைப்பது? பெண்கள் சமைக்கலாமா? மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா, அங்கேயே தின்று தீர்க்க வேண்டுமா? இதற்கெல்லாம் பதில் எழுதினாலே அந்த ஊரின் சாதி, சொத்து, பங்காளிச் சண்டை எல்லாம் தானாக வந்து நிற்கும்.

காசும் இதில் சேர்த்தி. திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டி முனியாண்டியின் பெயரில் ஊர் ஊராக அசைவ ஓட்டல்கள் நடக்கின்றன. அன்றைய முதல் வியாபாரக் காசைச் சாமிக்கென்று தனியே எடுத்து வைப்பது அந்த ஓட்டல்காரர்களின் வழக்கம். தை மாதத் திருவிழாவில் அந்தக் காசு பிரியாணியாக மாறி, வந்தவர்களுக்கெல்லாம் பிரசாதமாகப் போகும். நம் ஃபேண்டஸி நாவல்களில் கோயில் கோபுரம் தங்கத்தால் வேய்ந்திருக்கும். அந்தத் தங்கத்துக்குக் காசு கொடுத்தவர் யார் என்று ஒரு வரி இருக்காது.

ஒரு சாமிக்கு ஒரே கதை

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. "ஆதியில் இருள் இருந்தது" என்று ஒரு புராணத்தை முதல் அத்தியாயத்தில் வைத்துவிட்டு, நாட்டில் உள்ள அத்தனை பேரும் அதையே எழுத்துப் பிசகாமல் நம்புகிறார்கள் என்று எழுதுவது. எந்த ஊரில் அப்படி நடக்கிறது?

சித்ரா பௌர்ணமியன்று அழகர்கோயில் பெருமாளான அழகர் வைகையில் இறங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். எதற்காக இறங்குகிறார்? தலபுராணப்படி, சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்கு விமோசனம் கொடுக்க. ஆற்றங்கரையில் விடிய விடிய நிற்கும் அப்பத்தாவிடம் கேட்டால், தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு அண்ணன் சீர் கொண்டு வந்தார், வருவதற்குள் தாலி கட்டிவிட்டார்கள், கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் வண்டியூர்ப் பக்கம் போய்விட்டார் என்று சொல்வார். சரி, கோயிலில் நடக்கும் திருக்கல்யாணத்தில் மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுப்பது யார்? திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாது. யாரும் ஒட்ட வைக்க மெனக்கெடுவதும் இல்லை. நாட்டுச் சர்க்கரை நிரப்பிய செம்பின் மேல் சூடம் ஏற்றிக் கையில் ஏந்திக்கொண்டு, துருத்தியால் பீய்ச்சும் தண்ணீரில் நனைந்தபடி கூட்டம் நிற்கிறது. அழகர் கள்ளர் வேடத்தில், கொண்டையும் கடுக்கனும் கையில் வளைதடியுமாகக் கிளம்பி, நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று வருகிறார். பின்னாலேயே உண்டியல்களும் வருகின்றன. தங்கக் குதிரையில் ஏறும்போது அவர் உடுத்தியிருக்கும் பட்டு பச்சையா என்பதுதான் கூட்டத்துக்குக் கேள்வி. பச்சை என்றால் அந்த வருடம் விளைச்சல்.

இதற்குள் ராஜாவின் கையும் இருக்கிறது. மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில் நடந்தது என்றும், அழகர் அப்போது சோழவந்தான் பக்கத்துத் தேனூரில் ஆற்றில் இறங்கினார் என்றும், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்து இரண்டையும் மதுரையில் இணைத்தார் என்றும் சொல்வார்கள். மாசியில் அறுவடை, தேர் இழுக்க ஆள் கிடைக்காது என்பது ஒரு காரணம். சைவரையும் வைணவரையும் ஒரே கூட்டத்தில் நிறுத்த என்பது இன்னொன்று. உங்கள் ராஜா இப்படி ஒரு திருவிழாவை இரண்டு மாதம் தள்ளி வைக்கட்டும். பழைய இடத்தில் மண்டபம் வைத்திருந்த ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? ஒரு டிராகன் செய்ய முடியாத வேலையை இந்தக் கேள்வி செய்யும்.

நேற்றுப் பிறந்த மதம்

கற்பனை நாடுகளில் மதம் அடித்தளம் இல்லாமல் நிற்கும். அதற்கு முன்னால் அங்கே என்ன கும்பிட்டார்கள் என்ற தடயமே இருக்காது. பழைய மதத்தைத் தோற்கடித்ததாக எழுதுகிறவர்கள்கூட அதை ஒரே போரில் துடைத்து எறிந்துவிடுகிறார்கள்.

ஒத்தக்கடை ஆனைமலைக்குப் போய்ப் பாருங்கள். மலையைக் குடைந்த நரசிங்கப் பெருமாள் கோயில், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி எடுத்தது, கல்வெட்டுப்படி கி.பி. 770. அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன, முருகனுக்கு ஒரு குடைவரையும் இருக்கிறது. கீழக்குயில்குடியில் சமணர் மலை. அடிவாரத்திலோ அய்யனாரும் கருப்பும். ஏறிப்போகிறவர்கள் கருப்பைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே மகாவீரரைப் பார்க்கிறார்கள்.

இதில் கதாசிரியருக்குப் பிடித்தமான ஒரு முரண் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் வைகையில் ஏடு விட்டுச் சமணரை வென்றார், தோற்றவர்கள் கழுவேறினார்கள் என்பது சைவ மரபின் கதை. கழுவேற்றம் நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சந்தேகிக்கிறார்கள். அது இருக்கட்டும், சமணர் மலைச் சிற்பங்களும் அவற்றின் கீழ் வட்டெழுத்தில் உள்ள பெயர்களும் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அடியோடு அழிந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் இருநூறு வருடம் கழித்தும் காசு கொடுத்துச் சிலை செதுக்கி, அடியில் பெயரும் பொறித்திருக்கிறார்கள். வென்றவர் சொன்ன கதை ஒன்று, கல் சொல்வது இன்னொன்று. உங்கள் நாட்டிலும் இரண்டையும் வையுங்கள். எது நிஜம் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

வெள்ளைத் தாடி தலைமைப் பூசாரி

ஃபேண்டஸி உலகில் பூசாரி என்றால் இரண்டே ஜாதி: ஞானம் பொங்கும் கிழவர், இல்லை ராஜாவுக்கு விஷம் வைக்கும் சூழ்ச்சிக்காரர். இருவருக்கும் நீண்ட அங்கி.

நம் கிராமங்களில் அய்யனார் கோயில் பூசாரி பல இடங்களில் மண்பாண்டம் செய்யும் வேளார். அய்யனாருக்கு மண் குதிரை செய்து வைக்கும் புரவி எடுப்புக்கு ஊர் கூடி முடிவு செய்ததும் அவரிடம் பிடிமண் கொடுப்பார்கள். ஊர் மண்ணில் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். அதை அவர் வாங்கிக்கொண்ட பிறகுதான் குதிரை செய்யும் வேலை தொடங்கும். அந்த மண்ணையும் சேர்த்துப் பிசைந்து, காலைத் தனியாக, உடலைத் தனியாக, கழுத்தைத் தனியாக வனைந்து, காய வைத்து, சூளையில் சுட்டு, வண்ணம் பூசி, கடைசியில் கண் திறப்பார். அதுவரை வெறும் மண் குதிரை. அப்புறம் அதை ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போகும். இந்த ஒரு மனிதரிடம் கைவினை, பூசை, ஊர் ஒப்பந்தம் மூன்றும் இருக்கின்றன. பிடிமண்ணை வாங்க அவர் மறுத்துவிட்டால்? ஊரில் திருவிழாவே இல்லை. அங்கி போட்ட எந்தச் சூழ்ச்சிக்காரனுக்கும் இந்த அதிகாரம் கிடையாது.

சாமியாடியும் அப்படித்தான். வருடம் முழுக்க லாரி ஓட்டுகிறவர், உடுக்கைச் சத்தம் கேட்டால் கருப்பனாகிவிடுவார். ஊரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. "வந்திருக்கிறது யாரு, பேரைச் சொல்லு" என்று அதட்டும். வாக்கு திருப்தி இல்லையென்றால் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பார்கள், வெள்ளையா சிவப்பா என்று. சந்தேகம் பக்திக்கு வெளியே நிற்பதில்லை, சடங்குக்குள்ளேயே அதற்கு இடம் உண்டு. சாமி வானத்திலிருந்து நேராகப் பேசி எல்லாவற்றையும் நிரூபித்துவிடும் நாட்டில் இந்தச் சுவாரசியத்துக்கு வழியே இல்லை.

இன்னொன்று, கோயில் வாசலில் யார் நிறுத்தப்பட்டார்கள் என்று எழுதாமல் விடுவது. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தது 1939 ஜூலை 8. அதுவரை? எல்லோரும் எல்லாக் கோயிலுக்கும் சும்மா போய்வரும் கற்பனை நாடு பார்க்க நன்றாக இருக்கும், நம்ப முடியாது. அடி தடி பெரும்பாலும் வாசலில்தான், இல்லையென்றால் பரிவட்டம் முதலில் யார் தலையில் என்பதில்.

எப்போதும் விறைப்பாக நிற்கும் தெய்வம்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆவணி மூலத் திருவிழாவில் சொக்கநாதர், வந்திக் கிழவியின் உதிர்ந்த புட்டுக்குக் கூலியாளாக மண் சுமக்க வருகிறார், வேலை செய்யாமல் தூங்குகிறார், பாண்டியனிடம் பிரம்படி வாங்குகிறார். பட்ட அடி ராஜா முதுகிலும் ஊரார் முதுகிலும் விழுகிறது. அரசாட்சியிலும் அப்படியே: சித்திரையில் பட்டம் சூடும் மீனாட்சி ஆடி வரை ஆண்டுவிட்டு, ஆவணியில் சுந்தரேஸ்வரரிடம் விட்டுவிடுவாள், பங்குனி வரை அவர் முறை. சாமிக்குப் பசியும் கோபமும் பதவிக் காலமும் இருக்கட்டும்.

பேரை மட்டும் மாற்றுவது

மேலே சொன்னதையெல்லாம் படித்துவிட்டு, அழகர்கோயில் காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பனின் பதினெட்டுப் படியையும் சந்தனம் பூசிய கதவையும் அப்படியே தூக்கிக் கதையில் வைத்து, கருப்பனுக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று சூட்டுகிறவர்கள் உண்டு. மதுரைக்காரர் யார் படித்தாலும் இரண்டாவது பத்தியில் கண்டுபிடித்துவிடுவார். அதிலும் அந்தச் சாமியை வில்லனாக்கிவிட்டால், அது யாரோ ஒருவரின் குலதெய்வம் என்பது நினைவிருக்க வேண்டும்.

எடுக்க வேண்டியது உருவத்தை இல்லை, அது வேலை செய்யும் விதத்தை. அழகர் மதுரைக்குப் புறப்படும்போது அவர் நகைப் பட்டியலைப் பதினெட்டாம்படிக் கருப்பன் முன்னால் வாசித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள், திரும்பி வந்ததும் மறுபடி வாசிப்பார்கள் என்பார்கள். உருவமில்லாத, கதவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு தெய்வம் கணக்குக் கேட்கிறது. இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். உங்கள் நாடு உப்பு விளையும் நாடாக இருக்கட்டும். வருடா வருடம் சுங்க அதிகாரி வறண்ட ஒரு கிணற்றின் விளிம்பில் நின்று உப்புக் கணக்கை உரக்கப் படிக்க வேண்டும். ஊரே நின்று கேட்கும். முப்பது வருடமாகப் படித்துவந்த ஒருவர், இந்த வருடம் ஒரு வரியை விட்டுவிட்டுப் படிக்கிறார். அதைக் கவனித்தது உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண் மட்டும். முதல் அத்தியாயத்தை அங்கே தொடங்கலாம். உலகம் எப்படிப் படைக்கப்பட்டது என்பதை அவள் பாட்டி மூன்றாவது அத்தியாயத்தில், தப்பும் தவறுமாக, சொல்லிக்கொள்ளட்டும்.