அசெம்ப்ளி லிங்கர் எரர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை வெள்ளவத்தையில ஒரு தம்பிட லேப்டாப்ப பாத்தேன். கம்பஸ் ப்ரொஜெக்ட், அட்மெகா328பி சிப், டைமர் இன்டரப்ட் (நேரம் வந்ததும் ஓடுற வேலைய நிப்பாட்டி வேற கோடுக்கு பாய வைக்கிறது) வச்சு எல்இடி மினுக்கணும். நான் தொடங்கின காலத்துல விட்ட பிழை அச்சு மாறாம அங்க இருந்திச்சு. பிழை சொன்னது லிங்கர், அதாவது தனித்தனி ஃபைல்கள ஒரே ப்ரோக்ராமா சேக்கிற கருவி. எழுத்துப் பிழை மாதிரி விஷயங்கள விடுறேன், அத நீங்களே பிடிச்சிடுவீங்க.

"மெயின்" இல்லண்டு வந்தா ஸ்டார்ட்அப் ஃபைல தூக்காதீங்க

மெயின் எண்ட லேபிள் (கோட்ல ஒரு இடத்துக்கு வைக்கிற பேர்) கண்ணுக்கு முன்னால இருக்கு, லிங்கர் "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு மெயின்" எண்டுது. காரணம் சின்னது, லேபிள் அந்த ஃபைலுக்குள்ள மட்டும் தெரியுது, மேல ".குளோபல் மெயின்" எண்டு ஒரு வரி போட்டா முடிஞ்சுது. ஆனா யாராவது வந்து "-நோஸ்டார்ட்ஃபைல்ஸ்" (ஸ்டார்ட்அப் ஃபைல, அதாவது மெயினுக்கு முன்னால ஓடுற கோட, சேக்காம விடுற ஆப்ஷன்) போடு எண்டுவாங்க, போட்டதும் எரர் போயிடும், சும்மா டிலே லூப்ல எல்இடியும் மினுங்கும், எல்லாம் சரியெண்டு நம்பிடுவோம். இந்த அட்வைஸ் கேட்டா எனக்கு இப்பவும் கோபம் வரும்.

ஏனெண்டா இன்டரப்ட் வெக்டர் டேபிள் (எந்த இன்டரப்டுக்கு எங்க பாயணும் எண்ட பட்டியல்) அந்த ஸ்டார்ட்அப் ஃபைலோடதான் வருது. இந்த சிப்புக்கு 26 வெக்டர், ஒண்டுக்கு 4 பைட், மொத்தம் 104 பைட். அதத் தூக்கினா அந்த இடத்துல உங்கட கோட் வந்து குந்திரும். டைமர்1 ஓவர்ஃப்ளோ ஆனதும் சிப் பைட் அட்ரஸ் 52க்குப் பாயும், அங்க கிடக்கிறது உங்கட ஏதோ ஒரு லூப்ட நடுத்துண்டு. லிங்கர் வாயே திறக்காது. நான் சிப் பழுதெண்டு நெனச்சு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு ரெண்டு தரம் போய் புதுசு வாங்கினேன், அதுலயும் அதே கூத்து, ஒரு சனி ஞாயிறு முழுக்கப் போச்சு. தம்பியும் சிப்பத்தான் மாத்த இருந்தார்.

சந்தேகமெண்டா ஆப்ஜெக்ட் ஃபைல்ல ஏவிஆர்-என்எம் (ஃபைல்ல இருக்கிற பேர்கள பட்டியல் போடுற கருவி) ஓட்டிப் பாருங்க. மெயினுக்கு முன்னால சின்ன டீ எண்டா லோக்கல், பெரிய டீ எண்டா குளோபல்.

"ரேம்எண்ட்" இல்லண்டு வந்தா

ரேம்எண்ட் எண்டா ரேம்ட கடைசி அட்ரஸ், இன்க்ளூட் பண்ற ஃபைல்ல இருந்து வாற பேர். உங்கட ஃபைல் பேர் சின்ன எஸ்ல முடியுதா பாருங்க. அதுக்கு ப்ரீப்ராசசர் (இன்க்ளூட் வரிகள முதல்ல விரிச்சுக் குடுக்கிறது) ஓடாது, இன்க்ளூட் வரி வெறும் கமெண்ட் ஆயிடும். பெரிய எஸ்ஸா மாத்துங்க.

வெக்டர் பேர் பிழைச்சா

எரரே வராது! வெக்டர் எல்லாம் வீக் சிம்பல் (நீங்க எழுதாட்டி ஏற்கனவே இருக்கிறது பாவிக்கப்படுற பேர்), நீங்க எழுதாத வெக்டர் சிப்ப திரும்ப ரீசெட்டுக்கு அனுப்பிடும். ப்ரோக்ராம் சும்மா சும்மா முதல்ல இருந்து தொடங்கினா இங்க தேடுங்க.

"ரீலொகேஷன் ட்ரன்கேட்டட்"

பிஆர்என்இ (சமமில்லாட்டி பாயிற கட்டளை) முன்னுக்கு 63 வேர்ட் (ஒரு வேர்ட் 2 பைட்), பின்னுக்கு 64, அதுக்கு மேல எட்டாது. கண்டிஷன திருப்பி பிஆர்ஈக்யூ (சமமெண்டா பாயிறது) போட்டு, அடுத்த வரியில தூரத்துக்குப் பாயிற ஜெஎம்பி போடுங்க, பிஆர்ஈக்யூ அந்த ஜெஎம்பிய தாண்டிப் பாயணும்.

-எம்எம்சியூ

எந்த சிப் எண்டு சொல்ற இந்த ஆப்ஷன அசெம்பிள் பண்ணக்குள்ள மட்டுமில்ல, லிங்க் பண்ணக்குள்ளயும் குடுங்க.