பழைய நகரத் தெருவைக் காட்டும் அரும்பொருளகத்தைப் பார்ப்பது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பள்ளிகளும் குடும்பங்களும் விடுமுறையில் ஈப்போ, சிங்கப்பூர் என்று புறப்படும்போது பயணத் திட்டத்தில் ஏதேனும் ஓர் அரும்பொருளகம் இடம்பெற்றுவிடுகிறது. அவற்றுள் பழைய தெருவையோ கடைவீட்டையோ முழு அளவில் கட்டி, அதற்குள் நம்மை நடக்கவிடும் காட்சிக்கூடங்கள் ஒரு தனி வகை. கண்ணாடிப் பேழைக்கு வெளியே நிற்காமல் பொருள்களுக்கு நடுவிலேயே நிற்பதால், எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்ற எண்ணம் விரைவிலேயே வந்துவிடும். படம் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் அப்படிக் கிளம்பாமல், அந்தத் தெருவைத் தம் உழைப்பால் நடத்தியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

புறப்படும் முன் அரும்பொருளகம் திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இத்தகைய கூடங்கள் சீரமைப்புக்காக நீண்ட காலம் மூடப்படுவதுண்டு. ஈப்போவில் ஈயச் சுரங்க முதலாளிகளின் சங்கக் கட்டடமாக இருந்த ஹான் சின் பெட் சூ போன்ற இடங்களுக்கு முன்பதிவும் தேவைப்படலாம்.

அடுத்து, அந்தத் தெரு எந்த ஆண்டைக் காட்டுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூர் பகோடா ஸ்திரீட்டில் உள்ள சைனாடவுன் மரபுடைமை நிலையம் 1950களின் நெருக்கடியான வாடகை அறைகளைக் காட்டுகிறது. ஜப்பானின் ஒசாகா நகர வாழ்விட அரும்பொருளகம் 1830களின் தெருவைக் கட்டியிருக்கிறது. இங்கிலாந்தின் யார்க் கோட்டை அரும்பொருளகத்தில் உள்ள கிர்க்கேட் தெரு, பிக்கரிங் ஊர் மருத்துவரான ஜான் கிர்க் சேகரித்த பொருள்களைக் கொண்டு 1938இல் திறக்கப்பட்டது. அதன் கடைகள் 1870 முதல் 1901 வரை அந்நகரில் இருந்த கடைகளைத் தழுவியவை.

ஆண்டு தெரியாமல் பார்த்தால் பிழையான முடிவுக்கு வந்துவிடுவோம். கிர்க்கேட் காலத்துக் கடையில் ரப்பர் பொருள் ஒன்றைக் கண்டால், நம் பாட்டன் பூட்டன் வெட்டிய பால் அது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட முடியாது. ரப்பர் கன்றுகள் 1877இல் கோலகங்சார் வந்து சேர்ந்திருந்தாலும், வணிக நோக்கில் தோட்டம் போடுவது 1896இல்தான் தொடங்கியது. மரம் பால் தரப் பல ஆண்டுகள் ஆகும். அதே கடையில் அடுக்கியிருக்கும் தகர டப்பாக்களின் கதை வேறு. அவை இரும்புத் தகட்டின்மேல் ஈயம் (வெள்ளீயம்) பூசிச் செய்யப்பட்டவை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் ஈயத்தில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து போனது. யார்க் நகரத்துக் கடைக்கும் ஈயச் சுரங்கங்கள் நிறைந்திருந்த நம் கிந்தா பள்ளத்தாக்குக்கும் இடையே இருந்த தொடர்பைப் பிள்ளைகளுக்கு அந்த டப்பாக்களைக் கொண்டே விளக்கலாம்.

உள்ளே போனதும் முதல் சுற்றில் கைப்பேசியை எடுக்காதீர்கள். ஒசாகாவில் பார்வையாளர்கள் மேல்மாடியிலிருந்து கூரைகளைப் பார்த்த பிறகே தெருவில் இறங்குகிறார்கள். அத்தகைய வசதி எங்கிருந்தாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஏனெனில் கடைகளின் பின்கட்டும் கிணறும் சந்தும் மேலிருந்துதான் தெளிவாகத் தெரியும். அங்கும் கிர்க்கேட்டிலும் விளக்கொளி பகலிலிருந்து இரவுக்கு மாறிக்கொண்டே இருக்கும். ஒரு முழுச் சுழற்சி முடியும்வரை ஒரே இடத்தில் நின்று பாருங்கள்.

பிறகு ஒரே ஒரு கடையைத் தேர்ந்துகொள்ளுங்கள். மளிகைக்கடை என்றால் தராசையும் மணிச்சட்டத்தையும் பார்த்தபின் கல்லாப்பெட்டி அருகே கடன் கணக்கு எழுதிய புத்தகம் இருக்கிறதா என்று தேடுங்கள். நம் பக்கத்துக் கடைகளில் சட்டைப்பைக்குள் அடங்கும் 555 புத்தகத்தில் அரிசி, சீனி, மண்ணெண்ணெய் என்று வரிசையாக எழுதி, சம்பள நாளில் கோடு போட்டு அடிப்பார்கள். உடன் வந்த பாட்டியோ தாத்தாவோ அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால், விளக்கப் பலகையை அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு அவர்களைப் பேசவிடுங்கள். பலகையில் உள்ளதை நாளைக்கும் படிக்கலாம்.

இரண்டாம் சுற்றில் பின்சந்துக்குப் போங்கள். சமூக ஆய்வாளர் சீபோம் ரவுன்ட்ரீ 1901இல் வெளியிட்ட ஆய்வு, யார்க் மக்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் வறுமையில் வாழ்ந்ததைக் காட்டியது. கிர்க்கேட்டில் ஏழைகளின் வாழ்வைக் காட்டும் சந்துக்கு ரவுன்ட்ரீயின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. இப்படி ஒரு சந்து இல்லாத தெருவில் நீங்களே கேள்வி எழுப்புங்கள்: தண்ணீர் சுமந்தவர் யார், கழிவு அள்ளியவர் யார், துணி வெளுத்தவர் யார்? மலாயா நகரங்களில் இவற்றைச் செய்தவர்களில் தமிழர்கள் பலர். ஆனாலும் காட்சிக்கூடங்களில் அவர்களை எளிதில் காண முடிவதில்லை. ஊழியரிடம் மரியாதையாகக் கேளுங்கள். எந்தப் பொருள் அசல், எது புதிதாகச் செய்தது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். பகோடா ஸ்திரீட்டுக்குப் போனவர்கள் அந்தத் தெருமுனையில் 1827இல் நிறுவப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயிலையும் பார்க்காமல் திரும்பக் கூடாது.

ஊர் திரும்பிய வாரத்திலேயே, நினைவு மங்குமுன், பிள்ளைகளைப் பெரிய தாளில் நம் பட்டணத்தின் பழைய கடைத்தெருவை வரையச் சொல்லுங்கள். முடிதிருத்தும் கடை, அடகுக்கடை, கள்ளுக்கடை, சம்பள நாளில் தோட்டத்து லோரி வந்து நின்ற இடம் ஆகியவற்றை முதியவர்களிடம் கேட்டுக் குறிக்கட்டும். ஒவ்வொரு கடைக்குப் பக்கத்திலும் அங்கே வேலை செய்தவர் யார் என்பதை எழுதட்டும். தாளின் பின்புறம் தகவல் தந்தவரின் பெயரும் கேட்ட தேதியும் இருக்கட்டும்.