ரிச்சாக ஓடும் ஆஃப்-ரோடு பைக்குக்கு ஜெட் சரிசெய்வது எப்படி

முறுக்க முறுக்க என்ஜின் தொண்டை அடைத்ததுபோல் கம்முகிறது, சைலன்சரில் கரும்புகை வருகிறது, ப்ளக்கைக் கழற்றினால் கறுப்புக் கரி ஈரமாகப் படிந்திருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் காற்றுக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் போகிறது, அதாவது கலவை ரிச் என்று பொருள். ரிச்சாக ஓடும் பைக் குளிர்ந்த நிலையில் ஓரளவு ஒழுங்காக ஓடும், சூடேறியதும் மோசமாகும். பெட்ரோல் குறைந்து லீனாக இருந்தால் நேர்மாறு: சூடாகும்வரை இழுக்காது, சோக் போட்டால் கொஞ்சம் தேறும்.

ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு. அதைத் தொடும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதே ஜெட்டோடு பைக் முன்பு நன்றாக ஓடியதா? ஓடியது என்றால் கோளாறு பெரும்பாலும் வேறிடத்தில்தான். ஏர் ஃபில்டரில் மண் அடைத்திருக்கிறதா, அல்லது ஃபில்டர் ஆயில் பிழியாமல் சொட்டச் சொட்ட மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பக் கூடுதல் பெட்ரோல் விடும் சோக்கின் பிளஞ்சர் முழுதாக இறங்கி உட்காராவிட்டால் எந்த ஜெட் போட்டாலும் ரிச்தான். ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டினால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட் (மிதவை) வால்வின் நுனி தேய்ந்திருக்கும், அல்லது ஃப்ளோட் உயரம் தவறியிருக்கும். உயரத்தைப் பைக்கின் சர்வீஸ் மானுவலில் உள்ள அளவுக்கு வையுங்கள். அதிகம் ஓடிய வண்டியில் நீடிலும் (த்ராட்டிலோடு நகரும் மெல்லிய ஊசி) அது ஏறி இறங்கும் நீடில் ஜெட்டும் ஒன்றையொன்று உரசித் தேய்ந்து, இடைவெளி பெரிதாகிவிடும். நீடிலை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தால் தேய்ந்த பக்கம் பளபளக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

டூ ஸ்ட்ரோக்கில் இன்னொரு வில்லங்கம் உண்டு. கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் (கியர் ஆயில் என்ஜினுக்குள் போகாமல் தடுக்கும் வளையம்) கிழிந்தால் என்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். புகை வெண்மையாக இருந்து, கியர் ஆயில் அளவும் குறைந்துகொண்டே வந்தால் ஜெட் வேலையை நிறுத்திவிட்டு சீலைப் பாருங்கள்.

பெட்ரோலில் ஆயில் கலக்கும் விகிதத்தை வைத்து ரிச்சைச் சரிசெய்ய முயல்வது பரவலான தவறு. ஆயிலைக் கூட்டினால் அதே ஜெட் வழியே போகும் கலவையில் பெட்ரோல் குறைகிறது, அதாவது லீன். ஆயிலைக் குறைத்தால் கலவை இன்னும் ரிச்சாகும், பிஸ்டனுக்கு உயவும் குறையும். தயாரிப்பாளர் சொன்ன விகிதம் ஒன்றைப் பிடித்து, அதிலேயே நின்று ஜெட்டை அமையுங்கள்.

உயரமும் வெப்பமும் ஜெட் மாற்றுவதற்கு உண்மையான காரணங்கள். கடல் மட்டத்துக்கு அமைத்த பைக்கை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறைகிறது. 10 டிகிரி குளிரிலிருந்து 35 டிகிரி வெயிலுக்குப் போனால் ஏறக்குறைய 8 சதவீதம். பெட்ரோல் அதே அளவுக்குக் குறைந்து வராததால் கலவை தடிக்கிறது.

எந்த இடத்தில் ரிச்?

வேலையின் பாதி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கார்புரேட்டருக்கு வேகமும் ஆர்.பி.எம்.மும் முக்கியமல்ல, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான். கைப்பிடியில் ஒரு டேப்பும் அதன் உறையில் ஒரு டேப்பும் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுத் திறப்பு என்று கோடு போடுங்கள். கால் திறப்புவரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆள்கின்றன. காலிலிருந்து முக்கால்வரை நீடில். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் கத்தி வெட்டினாற்போல் இல்லை, ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவும். ஆனாலும் திணறல் எந்தக் கோட்டில் வருகிறது என்று தெரிந்துவிட்டால் எந்தப் பகுதியைத் திறப்பது என்பதும் தெரிந்துவிடும். கால் த்ராட்டிலில் திணறும் பைக்குக்கு மெயின் ஜெட் மாற்றுவது வீண் வேலை.

பெட்ரோல் டேப்பை மூடி, ஃப்ளோட் கிண்ணத்தை வடித்துவிட்டுத் தொடங்குங்கள். என்ஜின் ஆறியிருக்க வேண்டும், அருகில் நெருப்பு கூடாது. முன்னும் பின்னும் உள்ள கிளாம்ப்பைத் தளர்த்திக் கார்புரேட்டரைச் சாய்த்தாலே அடிப்பக்கம் கைக்கு வரும். கெய்ஹின் நிறுவனத்தின் பி.டபிள்யூ.கே., எஃப்.சி.ஆர். கார்புரேட்டர் வகைகளில் கிண்ணத்தின் அடியிலுள்ள 17 மி.மீ. நட்டைக் கழற்றினால் கிண்ணத்தைப் பிரிக்காமலே மெயின் ஜெட்டை எடுத்துவிடலாம். ஜெட் பித்தளை, பொருந்தாத ஸ்க்ரூடிரைவர் அதன் வாயைச் சிதைத்துவிடும், இறுக்கிப் பூட்டினால் முறியும்.

மெயின் ஜெட்டிலிருந்து தொடங்குவது நல்லது. என்ஜினைச் சூடாக்கிப் புது ப்ளக் மாட்டுங்கள். பழைய ப்ளக்கில் பழைய ஓட்டத்தின் நிறமும் கலந்திருக்கும். ஆள் நடமாட்டமில்லாத நீண்ட ஏற்றத்தில் மூன்றாம் அல்லது நான்காம் கியரில் முழு த்ராட்டிலில் ஏற்றி, அதே திறப்பில் கில் ஸ்விட்சை அழுத்திக் கிளட்சைப் பிடித்து உருண்டு நில்லுங்கள். ப்ளக்கின் பீங்கான் அடி, உள்ளே ஆழத்தில், காபி நிறத்தில் இருந்தால் சரி. கறுத்திருந்தால் ஒரு படி சின்ன ஜெட்: 165 இருந்தால் 162, பிறகு 160. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கெய்ஹின் எண்ணையும் இன்னொரு கார்புரேட்டர் நிறுவனமான மிகுனியின் எண்ணையும் ஒப்பிடாதீர்கள். இரண்டும் வேறு அளவுமுறை. கம்பி விட்டுக் குடைந்த ஜெட்டை நம்பவே வேண்டாம்.

அடுத்து பைலட். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்தும் ஏர் ஸ்க்ரூ. வெளியே திருப்பினால் லீன். என்ஜின் பக்கம் இருந்தால் அது ஃபியூயல் ஸ்க்ரூ. உள்ளே திருப்பினால் லீன். டூ ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் முதல் வகை, ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டாவது. மெதுவாக உள்ளே உட்காரும்வரை திருப்பி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். சூடான என்ஜினை ஐடிலில் விட்டுக் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் சில நொடி பொறுத்து, ஐடில் எங்கே உச்சமாக, சீராக இருக்கிறது என்று கவனியுங்கள். ஏர் ஸ்க்ரூவில் அந்த இடம் இரண்டரைச் சுற்றையும் தாண்டிப் போனால் பைலட் ஜெட் பெரியது. ஒரு படி குறையுங்கள். ஃபியூயல் ஸ்க்ரூவில் ஒரு சுற்றுக்கும் கீழே போனால் அதே முடிவு. ஃபியூயல் ஸ்க்ரூவைக் கழற்றினால் ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷரும் சிறிய ஓ-ரிங்கும் உண்டு. ஓ-ரிங் துளைக்குள் ஒட்டி நின்றுவிடும்; அது விட்டுப்போனால் காற்றுக் கசிந்து ஐடிலே பிடிபடாது.

நீடிலின் மேல்பக்கக் காடி ஒன்றில் மாட்டியிருக்கும் கிளிப்பை ஒரு படி மேலே ஏற்றினால் நீடில் கீழே இறங்கும், கலவை லீனாகும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். காடிகளை மேலிருந்து எண்ணுங்கள். உச்சிக் காடியிலும் ரிச் போகவில்லையென்றால் தேய்மானத்தை மீண்டும் பாருங்கள். தேய்மானம் இல்லாவிட்டால் வேறு நீடில்தான் வேண்டும். ஐடிலை விட்டுச் சற்றே திறந்ததும் வரும் கம்மல் பைலட்டுக்கு அடங்காவிட்டால், நீடிலின் நேர்ப்பகுதி தடிமனான ஒன்று அதைத் தீர்க்கும்; கிளிப் அந்த இடத்தில் அதிகம் உதவாது.

எங்கே நிறுத்துவது? கூர்மையான இழுப்பு வந்ததும் இன்னும் ஒரு படி குறைத்துப் பார்க்க ஆசை வரும். அங்கேதான் டூ ஸ்ட்ரோக் என்ஜின்கள் சீஸ் ஆகின்றன, அதாவது பிஸ்டன் இறுகி நின்றுவிடுகிறது. த்ராட்டிலை மூடியபின்னும் ஐடில் மேலேயே தொங்கி மெதுவாக இறங்குவது, சீரான த்ராட்டிலில் விட்டுவிட்டு இழுப்பது, பாரத்தில் கிணுகிணுவென்று தட்டும் சத்தம், வெளுத்த ப்ளக்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஒரு படி பெரிய ஜெட்டுக்குத் திரும்புங்கள்.

முடிந்ததும் மெயின், பைலட் எண்கள், கிளிப் காடி, ஸ்க்ரூ சுற்று, அன்றைய வெப்பநிலை, இடத்தின் உயரம் ஆகியவற்றை எழுதி, பைக்கின் இருக்கைக்கு அடியில் ஒட்டிவையுங்கள். கழற்றிய பெரிய ஜெட்டையும் அங்கேயே வைத்திருங்கள்; குளிரான இடத்துக்கோ தாழ்ந்த இடத்துக்கோ பைக் இறங்கும்போது முதலில் மாட்ட வேண்டியது அதுதான்.