கள்ள வோட்டு என்று சொல்வதற்கு முன்: வாக்காளர் இடாப்பைச் சரிபார்ப்பது எப்படி?

தேர்தல் முடிந்த மறுநாள் "செத்தவர்களும் வோட்டுப் போட்டிருக்கிறார்கள்" என்ற பேச்சு நம் ஊர்களில் எழும்பும். இரண்டு நாளில் அடங்கிவிடும். அது உண்மையாக இருந்தால் நிரூபிக்க வழி உண்டு. ஆனால் வேலையைத் தேர்தலுக்குப் பல மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

2024 ஜனாதிபதித் தேர்தலில் மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் 449,686 வாக்காளர்கள். மாவட்டம் முழுவதையும் பார்க்க நினைக்காதீர்கள். உங்கள் ஜீ.எஸ். (கிராம சேவகர்) பிரிவு ஒன்றே போதும்.

முதலில் தகுதியைத் தெரிந்துகொள்ளுங்கள். இலங்கைப் பிரஜையாகவும் 18 வயது நிரம்பியவராகவும் இருக்க வேண்டும். அந்த முகவரியில் வழமையாக வசிக்க வேண்டும். தேர்தல் ஆணைக்குழுவின் இணையதளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்து உங்கள் பெயரைப் பாருங்கள்.

அடுத்து பட்டியல். ஆண்டுதோறும் இடாப்பைத் திருத்தும்போது, புதிதாகச் சேரவிருக்கும் பெயர்களையும் நீக்கவிருக்கும் பெயர்களையும் தனித்தனியாகக் காட்சிக்கு வைப்பார்கள். பிரதேச செயலகத்திலும் ஜீ.எஸ். அலுவலகத்திலும் பார்க்கலாம். ஒரு கொப்பியுடன் போங்கள். வீடு வீடாகப் பார்த்து, இறந்தவர், இரண்டு இடத்தில் பதிந்தவர், அந்த வீட்டில் யாருக்கும் தெரியாதவர் என மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்.

இரண்டு இடப் பதிவுதான் நம் பக்கத்தில் கவனமாகப் பார்க்க வேண்டியது. இங்கே கலியாணம் முடித்த ஆண் பெரும்பாலும் மனைவி வீட்டுக்குப் போய்விடுவார். தாய் வீட்டில் பெயர் அப்படியே கிடக்கும், மனைவி வீட்டிலும் சேர்ந்துவிடும். களுவாஞ்சிக்குடியில் பிறந்து அக்கரைப்பற்றில் குடியிருப்பவரின் பெயர் இரண்டு இடாப்பிலும் இருந்தால் அதை உடனே மோசடி என்று சொல்லாதீர்கள். பழைய பதிவை நீக்கச் சொன்னால் சரி. ஆனால் அவர் இரண்டு இடத்திலும் வாக்களித்தால் அது குற்றம்.

மத்திய கிழக்கில் வேலை செய்கிறவர்களின் கதை வேறு. பெயர் இடாப்பில் இருப்பது தவறல்ல. ஆனால் வெளிநாட்டிலிருந்தபடி வாக்களிக்கும் வசதி நமக்கு இல்லை. எனவே கட்டாரில் இருப்பவரின் பெயரில் ஊரில் வாக்கு விழுந்திருந்தால் போட்டது இன்னொருவர்தான். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான், ஏனென்றால் முறையிட வேண்டியவரே ஊரில் இல்லை.

சரி, பிழை கண்டால்? விடுபட்ட பெயருக்கு உரிமைக் கோரிக்கையும், தகுதியற்ற பெயருக்கு ஆட்சேபனையும் எழுத்தில் கொடுங்கள். காட்சிக்கு வைத்த அறிவித்தலிலேயே கடைசித் திகதி இருக்கும். அதைத் தவறவிடாதீர்கள். மரணச் சான்றிதழின் பிரதி போன்ற ஆதாரம் இருந்தால் இணைத்து, கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டும் வாங்குங்கள். மற்றவர்களின் அடையாள அட்டை இலக்கங்களை வாட்ஸ்அப்பில் போடவே போடாதீர்கள்.

வாக்களிப்பு நாளில் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டிய இடம் வாக்குச் சாவடி, அதுவும் வாக்குச்சீட்டைக் கொடுப்பதற்கு முன். அங்கே உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர் ஆட்சேபிக்கலாம். நீங்கள் போகும்போது உங்கள் வாக்கை யாரோ ஏற்கெனவே போட்டிருந்தால் பேசாமல் திரும்பி வராதீர்கள். தலைமை தாங்கும் அதிகாரியிடம் சொல்லி, உறுதிமொழி கொடுத்து, அதற்கென உள்ள வேறு வாக்குச்சீட்டைக் கேளுங்கள். ஆள்மாறாட்டம் நடந்ததற்கு அதுவே பதிவாகிவிடும்.

பாராளுமன்றத் தேர்தல் முடிவை எதிர்ப்பதென்றால், முடிவு வர்த்தமானியில் வெளியாகி 21 நாட்களுக்குள் தேர்தல் மனு தாக்கல் செய்ய வேண்டும். வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தேர்தலில் வாக்களிக்க உரிமையுள்ளவரும் செய்யலாம். சட்டத்தரணியிடம் போகும்போது கொப்பி, பற்றுச்சீட்டு, ஆட்சேபனையின் பிரதி மூன்றையும் கொண்டுபோங்கள்.