தோட்டத்து மண்ணில் பழைய போத்தல் தேடப் போகிறவர்களுக்கு

போத்தல் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எங்கே தோண்டலாம் என்றுதான். அதற்கு முன் எங்கே தோண்டக் கூடாது என்பதைப் பார்த்துவிடுவோம். பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008லிருந்து யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலம், அங்கே பழைய கடைவீட்டுப் பின்கட்டில்கூடக் கை வைக்க வேண்டாம். மலேசியா முழுவதற்கும் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டம் இருக்கிறது. தொல்பொருள் தேடித் தோண்ட அனுமதி வேண்டும், மதிப்புள்ள பழம்பொருள் என்று தோன்றினால் மாவட்ட அதிகாரியிடம் சொல்ல வேண்டும். ஆகவே நிலத்துக்காரரின் எழுத்து அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். மறுநடவுக்கோ வீடு கட்டவோ ஏற்கெனவே மண்ணைப் புரட்டிப் போட்ட இடமாகப் பார்த்துப் போவது நல்லது.

செபராங் பிறை பக்கம் பழைய ரப்பர் தோட்டங்கள்தான் என் தேர்வு. தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களை இடித்துவிட்டார்கள், ஆனால் குப்பை கொட்டிய பள்ளங்கள் மண்ணுக்கடியில் அப்படியே கிடக்கின்றன. துரை பங்களாவின் பின்சரிவில் பீர், ஜின் போத்தல்கள்; தோட்ட ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் நீலமும் பழுப்புமான மருந்துக் குப்பிகள்; லயத்துப் பக்கம் தைலக் குப்பிகளும் சோடா போத்தல்களும். மண் கறுத்து, சாம்பலும் பீங்கான் சில்லும் சேர்ந்து வந்தால் சரியான இடம்தான்.

கருவிக்கு அதிகம் செலவு வேண்டாம். கைப்பிடி வைத்த மெல்லிய இரும்புக் கம்பி ஒன்று, சின்னக் கொத்து ஒன்று, தடித்த கையுறை, பூட்ஸ். மெட்டல் டிடெக்டர் கண்ணாடியைக் காட்டாது, அதற்குக் காசு போடாதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு போங்கள், கையில் புண் இருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம், ஈர மண்ணில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். கம்பியை மெதுவாகச் செருகுங்கள். கல்லில் கரகரக்கும், கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு கிண்ணென்று கேட்கும்.

கழுத்து தெரிந்ததும் இழுக்காதீர்கள். பக்கவாட்டில் மண்ணை எடுத்து, அடிப்பகுதி தானாக விடுபடும்வரை பொறுங்கள். பள்ளத்தின் சுவரைக் குடைந்துகொண்டே உள்ளே போவதும் ஆபத்து, மழை பெய்த மண் சரியும். முடிந்ததும் குழியை மூடுங்கள், வேண்டாத போத்தல்களை அங்கேயே போட்டுவிடாமல் எடுத்துச் செல்லுங்கள், தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசுதான்.

அப்புறம், வயதைக் கணிப்பது. புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அச்சில் ஊதிய போத்தலின் இரண்டு பக்கமும் மெல்லிய கோடு ஓடும். காலை வெயிலில் சாய்த்துப் பிடித்து நகத்தால் மேல்நோக்கி வருடுங்கள். கோடு கழுத்திலேயே நின்றுவிட்டால் வாயைக் கையால் செய்திருக்கிறார்கள், பெரும்பாலும் 1920க்கு முந்தியது. வாயின் விளிம்பையும் தாண்டி ஏறினால் இயந்திரத்தில் செய்தது. போத்தலைத் தானாகவே செய்யும் ஓவன்ஸ் இயந்திரம் அமெரிக்காவில் வந்ததே 1903இல்தான். கோடே இல்லையென்றால்? மிகப் பழையது என்று அவசரப்படாதீர்கள். அச்சுக்குள் வைத்துச் சுழற்றிக் கோட்டை அழித்த போத்தல்கள் உண்டு, அவற்றில் உடம்பைச் சுற்றி மெல்லிய வளையக் கீறல்கள் தெரியும். நெளிவிளிம்புத் தகரச் சோடா மூடி பொருந்தும் வாய் என்றால் 1892க்குப் பிந்தியது. போத்தலில் உள்ள எழுத்தும் உதவும்: ஜப்பானின் டாய் நிப்பான் பீர் நிறுவனம் 1906 முதல் 1949 வரைதான் இருந்தது, சிங்கப்பூரின் சோடா நிறுவனமான ஃபிரேசர் அண்ட் நீவ் தொடங்கியது 1883இல்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் ஊற்றவே கூடாது, விரிசல் விட்டுவிடும். சாதாரணத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து ஊறவையுங்கள். உள்ளே ஒட்டிய மண்ணுக்கு ஒரு பிடி அரிசியும் தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் போதும், மணல் போட்டால் கீறும். வெள்ளைப் படலம் இருந்தால் ஒரு இரவு வினிகரில் வையுங்கள். சுண்ணாம்புப் படிவு என்றால் கரைந்துவிடும். கரையவில்லையா, அந்தப் படலம் அழுக்கே இல்லை, ஈர மண்ணில் கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது. அதற்குமேல் எந்த ஆசிட்டும் வேண்டாம், அந்த வானவில் மினுக்கத்தோடேயே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அதுதான் அழகு. வண்ண எழுத்து அச்சடித்த போத்தலைத் தேய்க்கவே வேண்டாம்.

காய்ந்ததும் தோட்டத்தின் பெயர், பள்ளம் இருந்த இடம், தேதி மூன்றையும் சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். அங்கே வாழ்ந்தவர்கள் என்ன குடித்தார்கள், எந்தத் தைலம் தேய்த்தார்கள் என்பது தோட்டக் கணக்குப் புத்தகத்தில் இருக்காது.

பின்சேர்க்கை: பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் கோலி சோடா போத்தல் வாங்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் அந்த வடிவத்தைச் செம்மைப்படுத்தியது 1872இல், ஆனால் இந்தியாவில் அது பிறகும் வெகுகாலம் தயாரானது, அதனால் கோலி இருப்பது மட்டும் பழமைக்குச் சாட்சி இல்லை. அடிப்பகுதியைப் பாருங்கள். நாள்பட்ட போத்தலில் தரையில் உரசிய தேய்மானம் ஒழுங்கில்லாமல் பல திசையில் இருக்கும்; ஒரே திசையில் வரிவரியாக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், வைத்துவிட்டு வாருங்கள்.