ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர ஒரு நாடு ஆயத்தமா? மதிப்பிடும் முறை

அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. எல்லை ஒரே நாளில் மாறியது. ஆனால் மலையாளத்தில் எழுதிய பழைய ஆதாரங்களை, அதாவது பத்திரங்களை, படித்துச் சொல்ல ஆள் தேடும் குடும்பங்கள் இன்றும் இங்கே உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வரிசை வேறு: சட்டமும் அலுவலகமும் முதலில் மாற வேண்டும், சேர்க்கை பிறகுதான். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதாகும்.

முதலில், சேர விரும்பும் நாடு நிறைவேற்ற வேண்டிய 1993இன் கோபன்ஹேகன் நிபந்தனைகளைப் படியுங்கள்: நிலையான ஜனநாயகமும் சட்டத்தின் ஆட்சியும், போட்டியைத் தாங்கும் சந்தைப் பொருளாதாரம், உறுப்பினர் கடமைகளை ஏற்கும் திறன். ஏற்க வேண்டிய ஒன்றியச் சட்டங்கள் துறைவாரியாக 35 அத்தியாயங்களாகப் பிரித்துப் பேசப்படுகின்றன; ஒரு துறையில் பேச்சு தொடங்குவதை அத்தியாயத்தைத் திறப்பது என்றும், முடிவதை மூடுவது என்றும் சொல்வார்கள். எத்தனை அத்தியாயங்கள் திறக்கப்பட்டன என்று மட்டும் எண்ணாதீர்கள். 2005இல் பேச்சைத் தொடங்கிய துருக்கி 16ஐத் திறந்து ஒன்றை மட்டுமே முடித்திருக்கிறது.

அடுத்து, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் ஆண்டறிக்கையில் ஒவ்வொரு துறைக்கும் தரப்படும் இரண்டு மதிப்பீடுகளையும் சேர்த்தே வாசியுங்கள். ஒன்று, நாடு இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்பது. மற்றது, கடந்த ஓராண்டில் எவ்வளவு நகர்ந்தது என்பது. நல்ல நிலையில் இருந்தும் நகராத நாட்டைவிட, பின்தங்கியிருந்தும் ஆண்டுதோறும் முன்னேறும் நாடே எனக்கு நம்பிக்கை தருகிறது.

அதிக நேரத்தை 23, 24ஆம் அத்தியாயங்களுக்கு, அதாவது நீதித்துறைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புக்கும், ஒதுக்குங்கள். ஊழல் தடுப்புச் சட்டம் நிறைவேறியதா என்பதோடு நிற்காமல், உயர் பதவியில் இருந்தவர்கள் மீதான வழக்குகள் இறுதித் தீர்ப்பு வரை போகின்றனவா என்று பாருங்கள். 2007இல் சேர்ந்த பல்கேரியாவையும் ருமேனியாவையும் இத்துறையில் 2023 வரை கண்காணிக்க வேண்டியிருந்தது. இப்போதைய முறைப்படி இந்த அடிப்படை அத்தியாயங்கள் முதலில் திறக்கப்பட்டு, கடைசியில்தான் மூடப்படும்.

மீன்வளம் 13ஆம் அத்தியாயம். குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் படகு கரைசேர்வதைப் பார்த்தவர்களுக்கு, பிடித்ததைப் பதிவுசெய்ய ஆளில்லாத விதி எவ்வளவு பயன்படும் என்று விளக்க வேண்டியதில்லை. கடலற்ற செர்பியாவை மதிப்பிடும்போது இதை விரைவாகக் கடக்கலாம்.

கடைசியாக, ஆயத்தத்தையும் சம்மதத்தையும் தனித்தனியே குறியுங்கள். சேர்க்கைக்கு எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்ப வேண்டும். 2005இலேயே சேர்க்கைக்கான வேட்பாளர் நாடான வட மாசிடோனியா, ‘மாசிடோனியா’ என்ற பெயருக்குக் கிரேக்கம் எழுப்பிய ஆட்சேபத்தைத் தீர்க்க 2019இல் தன் பெயரையே மாற்றியது; மறு ஆண்டு பேச்சு தொடங்குவதைப் பல்கேரியா தடுத்தது. அந்தத் தாமதத்தை ஆயத்தக் குறைவின் கணக்கில் எழுதுவது அந்நாட்டுக்குச் செய்யும் அநீதி.